கிரெஃபியே நடத்திய கொத்சு வழக்கு

கோபத்தோடு எழுந்து, கோபத்தோடு குளித்து, கோபத்தோடு கத்தரிக்காய் கொத்சு தின்ற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் புதுச்சேரியில் இருந்தார். என் கெட்ட காலம், நான் வேலை பார்த்த கோர்ட் ஆபீசில், எனக்கு எதிர் மேஜையிலேயே இருந்தார்.

அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் கிடையாது. கோர்ட் குமாஸ்தாவுக்குப் பிரெஞ்சில் கிரெஃபியே; ஊருக்கே அவர் அதுதான். நேரில் கூப்பிடும்போது 'முசே', அதாவது ஐயா. ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் எங்கள் கோர்ட்டில் பிரெஞ்சுச் சட்டம்தான் நடந்தது. அதனால் அவரும் கிரெஃபியேயாகவே நின்றுபோனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு. அதில்தான் வந்தது வினை.

கத்தரிக்காயைக் கரி நெருப்பில் சுட்டு, தோலை உரித்து மசித்து, புளியும் வறுத்துப் பொடித்த மல்லி மிளகாயும் சேர்த்து, மேலே நல்லெண்ணெய் மிதக்க இறக்கினால்தான் அது கொத்சு என்பது அவர் கட்சி. ஊர் ஹோட்டல்காரர்களோ கத்தரிக்காயைத் தண்ணீரில் வேகப்போட்டு, கைக்கு வந்த பருப்பையும் கொட்டிக் கிண்டி, இட்லி தலையில் ஊற்றினார்கள். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள், படுபாவிகள். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் நானும் நீங்களும் முணுமுணுத்துக்கொண்டே தின்றுவிட்டுக் கை கழுவிவிடுவோம். கிரெஃபியே விசாரணை வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வெள்ளைக் கோட்டு, டை, தொப்பி சகிதம் என் வீட்டு வாசலில் நிற்பார்.

"கெளம்புய்யா. முதலியார்பேட்டையில புதுசா ஒருத்தன் கொத்சு போடறானாம்."

நான் சைக்கிள் மிதிக்க வேண்டும். அவர் பின்னால் உட்கார்ந்து, போன வாரத்துக் கொத்சை வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவார்.

அந்த முதலியார்பேட்டை ஹோட்டலில் ஒரு வாய் வைத்ததும் சமையற்காரரைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்.

"பருப்பு போட்டியா?"

"போட்டேங்க."

"எதுக்கு?"

"கெட்டியா நிக்கும்ங்க."

"உன் தரப்புல வேற ஏதாவது சொல்லணுமா?"

"இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டுங்களா?"

கிரெஃபியே எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பிரெஞ்சில் தீர்ப்பு. முடிவில் மேஜையில் ஒரு தட்டு தட்டி, "கோந்தாம்னே!" என்றார். குற்றவாளி என்று அர்த்தம். சமையற்காரர் ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துக் கும்பிட்டார்.

அதோடு விட்டாரா? தண்டிக்கப்பட்டவனுக்கு அப்பீல் உரிமை உண்டாம். மறு வாரம் அதே ஹோட்டலுக்குப் போய், அதே கொத்சை மறுபடி தின்று பார்க்க வேண்டும். தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ஒரு சமையற்காரர் அப்பீல் வரை காத்திருக்கவில்லை. தீர்ப்பு பாதியில் இருக்கும்போதே கரண்டியோடு வந்துவிட்டார். மீதித் தீர்ப்பைக் கிரெஃபியே ஓடுகிற சைக்கிளில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து வாசித்தார். எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

அறுபத்திரண்டில் ஒப்பந்தம் முடிந்து ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கிரெஃபியேயின் தம்பி பிரான்சில், மார்சே பட்டணத்தில் இருந்தார். எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறி வந்துவிடு என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"போறேன்யா" என்றார் கிரெஃபியே ஒருநாள் ஆபீசில். "இந்த ஊர்ல இருக்கறதுக்கு எனக்கு இன்னா இருக்குது? ஒரு நல்ல கொத்சு காட்டு, இருந்துடறேன்."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பெட்டி வாங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவதற்கு முன்பே நான் சைக்கிளை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கும்பகோணத்துக்காரர் ஒருவர் பெரிய மார்க்கெட் பக்கம் ஹோட்டல் திறந்தார். போனோம். அங்கேயும் வேகவைத்த கத்தரிக்காய்தான். வழக்கம்போல எழுந்து, பிரெஞ்சில் தீர்ப்பு சொல்லிவிட்டு, போகிற போக்கில், "சுட்டுப் போடு. இல்லாங்காட்டி கடைய மூடு" என்று தமிழிலும் ஒரு வார்த்தை சொன்னார் கிரெஃபியே.

எந்த ஆபீசர் பழைய ஆபீசர், எவர் புது ஆபீசர், கடையை மூட யாருக்கு அதிகாரம் என்று உள்ளூர்க்காரர்களுக்கே தெரியாத நேரம் அது. கும்பகோணத்துக்காரர் கோட்டைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், பிரெஞ்சைக் கேட்டார். சுகாதார அதிகாரிதான் என்று முடிவு கட்டி, மறுநாளே கடையைச் சாத்திவிட்டு அடுப்படியில் கரி வாங்கிப் போட்டார்.

அடுத்த ஞாயிறு அப்பீல். இலையில் கொத்சு விழுந்தது. கிரெஃபியே ஒரு வாய் தின்றார். மறுபடி தின்றார். அவர் பேசாமல் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் இன்னும் ரெண்டு இட்லி கேட்டேன்.

கெடுத்தார் கும்பகோணத்துக்காரர். கையைக் கட்டிக்கொண்டு வந்து, "ஐயா உத்தரவுப்படியே சுட்டுட்டேனுங்க. லைசென்ஸ்ல மட்டும் கை வச்சுடாதீங்க" என்றார்.

கிரெஃபியே முகம் கறுத்துவிட்டது. இலையை மடித்தார்.

"பயத்துல சொன்ன சாட்சி கோர்ட்டுல செல்லாது. பயத்துல செஞ்ச கொத்சும் செல்லாது!"

வெளியே நடந்துவிட்டார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! நடு மார்க்கெட்டில், மீன் கூடைக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"போறதுன்னா போங்க முசே! தம்பிகிட்ட போகணும்னு தோணுதா, போங்க! பழிய எதுக்குக் கத்திரிக்காய் மேல போடறீங்க?"

அவர் திரும்பியே பார்க்கவில்லை.

நான் ஹோட்டலுக்குள் திரும்பி வந்து உண்மையைச் சொன்னேன். அந்த மனிதர் கோர்ட்டு குமாஸ்தா, அவரால் ஒரு தண்ணீர்ப் பானையைக்கூட மூடச் சொல்ல முடியாது என்றேன். கும்பகோணத்துக்காரர் காது வரை சிவந்துவிட்டார்.

"அந்த ஆளுக்குப் பயந்தா நான் கடையை மூடினேன்? கூட்டிக்கிட்டு வாங்க சார் அவரை!"

கிரெஃபியே வர மறுத்தார். "குத்தவாளி மேல் அப்பீலுக்குப் போறாரு முசே. முடியாதுன்னு சொல்லுவீங்களா?" என்றேன். முறைத்தார். முனகினார். தொப்பியை எடுத்தார்.

கும்பகோணத்துக்காரர் தானே பரிமாறினார். பரிமாறினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாளியை டங்கென்று மேஜையில் வைத்து, கொத்சை இலையில் அறைந்தார்.

"சாப்பிடும். பிடிக்கலேன்னா கப்பல் ஏறும். எனக்கு என்ன போச்சு?"

"பயம் இல்லியா?" என்றார் கிரெஃபியே.

"உமக்கா? இனிமே நீர் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, இந்த அடுப்புல சுட்ட கத்தரிக்காய்தான். இது என் ரோஷம்!"

கிரெஃபியே சாப்பிட்டார். இலையை வழித்துச் சாப்பிட்டார். பிறகு எழுந்து தொப்பியைக் கழற்றினார். கும்பகோணத்துக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். என் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

பிரெஞ்சில் ஒரு வார்த்தை வரவில்லை. தமிழில்தான் சொன்னார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்."

கப்பல் ஏறுகிறவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச மாட்டான். அது புரிந்த நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாவி மனுஷர், என்னை எவ்வளவு பயமுறுத்திவிட்டார்!