பெண்ணையாற்றில் மாறிப்போன மாலைகள்

சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்துவிட்ட பிள்ளையை ஊர் முன்னிலையில் அடிப்பதா, கட்டிக்கொள்வதா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

விழுப்புரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஆற்றைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். (யாரும் கேட்கவில்லை. பி.எஸ்ஸி. படித்துவிட்டுச் சும்மா இருப்பது உறுத்தியது.) ஆறு எல்லோருக்கும் சொந்தம், யார் குப்பை போட்டாலும் நாம்தான் எடுக்க வேண்டும் என்று உரக்கச் சொல்ல வைத்தேன்.

அந்த வருடம் நாத்தனார் சுகுணாவுக்குத் தலை ஆடி. ஆடிப்பெருக்கன்று அவளுடைய கல்யாண மாலையை ஆற்றில் விட, திண்டிவனத்திலிருந்து அவள் மாமியாரும், அதாவது எங்கள் சம்பந்தியம்மாவும், வந்திருந்தார். எங்கள் தெருவே கிளம்பிப் போனது. பெண்ணையாற்றில் முழங்கால் அளவு தண்ணீர். புது ஜோடிகள் வாடிய மாலைகளை வெள்ளைப் பாலித்தீன் பையோடு விட்டுக் கும்பிட்டார்கள். சுகுணாவும் விட்டாள்.

நான் கற்பூரம் தேடிக் குனிந்து நிமிர்வதற்குள், என் மகள் கவிதா தலைமையில் மொத்த வகுப்பும் ஆற்றுக்குள் நின்றது. பைகளைக் கரைக்கு இழுத்து, அவிழ்த்து, குவித்துவிட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரிச் சருகு.

"நம்ம மாலை எதுடி?" என்றார் சம்பந்தியம்மா.

"தெரியலீங்க அத்தை." சுகுணா அழத் தொடங்கினாள்.

"எவ மாலையையோ எடுத்து உட்டா, எவ வாழ்க்கை எவளுக்குப் போவும்? யாரு இந்தப் பசங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"எங்கம்மாதாங்க," என்றாள் கவிதா, பெருமையாக.

(பூமி பிளக்கவில்லை. மணல்தானே, பிளந்தாலும் மூடிக்கொண்டிருக்கும்.)

என் மாமியார் என் பக்கம் திரும்பவேயில்லை. யாரோ ஒரு மாப்பிள்ளை மட்டும், "ஜல்தியா ஒரு வழி பண்ணுங்க டீச்சரம்மா, பஸ்ஸு போயிடும்" என்றார்.

ஒரே வழிதான் இருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு, மொத்தக் குவியலையும் நானே அள்ளி ஆற்றில் விட்டேன்.

"அந்தப் பையையும் உட்டுடும்மா. மஞ்சக்கிழங்கு எதுனா ஒட்டிக்கினு இருக்கும்," என்றார் சம்பந்தியம்மா.

அதையும் விட்டேன். என் வகுப்பு கரையில் நின்று பார்த்தது.

இப்போதும் திண்டிவனத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால், "அன்னிக்கே என் மாலை மாறிப் போச்சு, நான் வேற எங்கியோ வாழ வேண்டியவ" என்பாள் சுகுணா. வீடே சிரிக்குமாம். என் ஞாயிறு வகுப்புக்கு மட்டும் அப்புறம் யாரும் வரவில்லை.

இந்தத் தையில் கொழுந்தனாருக்குக் கல்யாணம் முடிந்தது. மாலைகள் மாமியார் அறையில் ஆணியில் தொங்குகின்றன. "இதை எங்கம்மா போடப் போறோம்?" என்று நேற்று கவிதா கேட்டாள். மாமியார் அடுப்படியில்தான் இருந்தார், நான் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். இருவருக்கும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஒரு பதில் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து ஆடிக்குள் எழுதுங்கள்.