இராசாத்தி மச்சாளின் வாங்கு

பெரியகல்லாறு
12.2.1996

அன்புள்ள மச்சான் இராசதுரைக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உம்முடைய தங்கை றோசம்மாவும் உயிரோடிருக்கிறோம். கனடாக் குளிரில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

விஷயம் அவசரம். நம் கோயிலைப் பூட்டப் போகிறார்கள். குருத்தோலை ஞாயிறன்று டவுனிலிருந்து பெரிய போதகர் வந்து தலை எண்ணுவாராம். பதினைந்துக்குக் குறைந்தால் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவாராம். முப்பத்தொரு வருஷமாக அந்தத் திறப்பு என் இடுப்பில் இருக்கிறது. அது இல்லாமல் எனக்கு இடுப்பில் கட்டின சாரமே நிற்காது.

இருப்பது ஒன்பது தலை. அதுவும் சேர்ந்து இருந்தால்தானே! வீடு வளவு மாதிரி, கோயிலில் உட்காரும் மர வாங்குகளும் தாய்வழியாகப் பெண்பிள்ளைகளுக்கு வந்தவை, அடுத்த குடும்பத்து வாங்கில் எவரும் இருக்கமாட்டார் என்பது உமக்குத் தெரியும். எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை பறந்து வாங்குகள் வாவியில் மிதந்தபோதும், அவரவர் வாங்கை அவரவர் தோணியில் ஏற்றி வந்து, பழைய இடத்திலேயே போட்டு, மழையில் நனைந்துகொண்டு பாடின சனமல்லவா நாங்கள்? இப்போது பாதிக் குடும்பம் உங்களோடு பிளேன் ஏறிவிட்டது, மிச்சம் ஒன்பது பேரும் மூலைக்கொருவராக இருக்கிறோம், நம் போதகர் எல்லோரையும் பார்த்துப் பிரசங்கிக்கப் போய்க் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு இரண்டு கிழமையாக எண்ணெய் போடுகிறார்.

பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை அக்கா இரக்கப்பட்டு, "அம்மன் கோயிலுக்குப் போற நான் உங்கட கோயிலுக்கும் வந்தா என்ன தம்பி? பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். ஆறு தலை. சரியாகப் பதினைந்து! அவர்களுக்கு உம்முடைய மனைவி இராசாத்தியின் முன் வாங்கைக் காட்டினேன். றோசம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"மச்சாள் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுற?"

"கனடாவில இருக்கிறவ எப்பிடிகா வாற?"

"நாளைக்கே கர்த்தர் கூட்டிக்கொண்டு வந்தா?"

கர்த்தரையே சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டாள். ஆகவே மச்சாளிடம் கேட்டு, 'இருக்கலாம்' என்று ஒரு சொல் தந்தி அடிக்கவும். கோயில் தப்புவது அதில்தான் இருக்கிறது.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தருடைய காவல் உண்டாகட்டும்.

உம்முடைய,
யோ. நல்லரத்தினம்

பி.கு.: சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் இந்தக் கடிதம் ஏழு கிழமை என் சட்டைப்பையிலேயே கிடந்தது. இன்று ஏப்ரல் 2. மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடவும். சனிக்கிழமை வாவிக்கு அப்பால் ஷெல் விழ, தோணி தோணியாகச் சனம் வந்து இறங்கியது. நான் யோசித்துக்கொண்டு நிற்க, றோசம்மா என் இடுப்பிலிருந்து திறப்பைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவிட்டாள். இராசாத்தி மச்சாளின் வாங்கில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் படுக்கவைத்ததும் அவள்தான். எங்கள் வாங்கிலிருந்து என்னையும் எழுப்பிவிட்டாள். மறுநாள் பெரிய போதகர் வந்து அறுபது வரை எண்ணினார், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுச் சோறு பரிமாறப் போனார். அந்தச் சனத்தின் துன்பத்தில் நம் கோயில் தப்பியதைச் சந்தோஷம் என்று சொல்ல வாய் கூசுகிறது. தந்தி வேண்டாம். மச்சாள் கோபித்தால் நேரில் வந்து கோபிக்கச் சொல்லும். வரும்போது ஆளுக்கொரு பாய் கொண்டு வரவும்.