மங்கு மாத்திரைக்கு ஒரு துளி ரத்தம்

1991-ஆம் ஆண்டுக் கடைசியில், ஒரகடம் சாலையிலிருந்த ரேடியோ பாகக் கம்பெனிக்கு வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வருவதாக ஏற்பாடு. அதை முன்னிட்டு நிர்வாக அதிகாரி புருஷோத்தமன் ஆறு மாதம் முன்பே ஓர் ஆணை பிறப்பித்தார். முகத்தில் மங்கு விழுந்த பெண்கள், அது நீங்கும்வரை லைனை விட்டுக் குடோனுக்குப் போகவேண்டியது. மங்கு, பொருளின் தரம் குறித்து ஐயப்பாட்டைத் தோற்றுவிக்குமாம். அவர்கள் சுற்றியது ரேடியோவுக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் கம்பிச் சுருள்.

கங்காவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. பிள்ளை பெற்றபின் வந்தது, எந்தக் களிம்புக்கும் அசையவில்லை. பார்வையாளர்கள் வந்துபோனதும் லைனில் நிற்பவர்களை நிரந்தரம் செய்வார்கள் என்று பேச்சு. நாலு வருஷமாக டெம்பரரியாக இருக்கிறவள், குடோனிலிருந்து நேரே கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கம்பெனி டாக்டர் ரஞ்சனி, ரத்தம் உறையும் கோளாறு ஏதாவது உண்டா என்று விசாரித்துவிட்டுச் சொன்னார்: "பூசினது போதும்மா. ரத்தப்போக்கை நிறுத்துற மாத்திரை ஒண்ணு இருக்கு. அது மங்கையும் குறைக்குதுன்னு படிச்சேன். சாப்பிட்டுப் பாரு."

கம்பவுண்டர் யாக்கோபு சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ரத்தம் எங்கம்மா?"

"ரத்தம் இல்லண்ணே. மங்குக்கு."

"ரத்தம் வந்தாத்தான் இத்தக் குடுக்கணும்னு ரூல் கீது. மங்குக்கு ரூல் இல்ல."

"டாக்டரே எழுதிகீறாங்களே."

"அவங்க எழுதுவாங்க. ரத்தம் வர வேணாவா?"

கங்கா சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி விரலில் குத்திக்கொண்டாள். யாக்கோபுக்கு மனம் குளிர்ந்தது. மாத்திரையைக் கொடுத்து, விரலுக்குக் கட்டும் போட்டார்.

"மாத்திரை நிக்கறவரைக்கும் காயம் ஆறக்கூடாது. கட்ட அவுத்துடாத."

மூன்று மாதத்தில் மங்கு வெளிறத் தொடங்கியது. குடோனிலிருந்து லைனுக்குத் திரும்பிவிட்டாள். உடனே மங்கு உள்ளவர்களெல்லாம் விரலைக் குத்திக்கொண்டார்கள். மங்கு இல்லாதவர்களும், இருக்கிற நிறம் இன்னும் கொஞ்சம் தெளியட்டும் என்று குத்திக்கொண்டார்கள். விரலில் கட்டில்லாதவளை நாகரிகம் தெரியாதவள் என்றார்கள். மூக்கின்மேல் லேசாக மங்கு இருந்த புருஷோத்தமனும் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டார்.

பார்வையாளர்கள் வருமுன் அவர் லைனைச் சுற்றிவந்தார். முகமெல்லாம் பளிச்சென்று இருந்தது. பூரித்துப்போனார். அப்புறம்தான் கைகளைப் பார்த்தார்.

"இத்தனை கட்டா? விபத்துக் கம்பெனின்னு நினைப்பாங்க. கட்டுப் போட்டவங்க எல்லாரும் குடோனுக்குப் போங்க."

"சார், கட்ட அவுத்துட்டு நிக்கறேன்" என்று கெஞ்சினாள் கங்கா.

"அவுத்தா காயம் இல்லேன்னு ஆயிடும். காயம் இல்லாம மாத்திரை வாங்கினது குற்றம்மா" என்றார் அவர், தம் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டபடி.

மங்கு போகாதவர்கள் ஏற்கெனவே குடோனில். கட்டுப் போட்டவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். லைனில் ஆளே மிஞ்சவில்லை. கன்வேயர் பெல்ட் மட்டும் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள் சொக்கிப்போனார்கள். ஆளே இல்லாமல் நடக்கும் தொழிற்சாலையை அவர்கள் நாட்டில்கூடப் பார்த்ததில்லையாம். புருஷோத்தமன் அடக்கமாகத் தலையசைத்தார்.

அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆளில்லாமலே லைன் சிறப்புற இயங்குவதால் இனி ஆட்கள் தேவையில்லை. ஆளில்லாத இடத்தில் நிர்வாக அதிகாரியும் தேவையில்லை.

வேலை போனவர்களைக் கம்பெனி பஸ் ஏற்றாது. வாலாஜாபாத் பஸ்ஸுக்காகக் கங்கா வெயிலில் நின்றாள். பக்கத்தில் புருஷோத்தமன்.

"உனக்கு மங்கு சுத்தமா போயிடுச்சேம்மா."

"உங்களுக்குந்தான் சார்" என்றாள் கங்கா.