கஞ்சி வரிசையில் ஒரு வெள்ளைக் குதிரை

பழைய படப் பத்திரிகைகள் போரை எப்படிக் காட்டின என்பதை மக்களுக்கு விளக்கும் பொருட்டு, கனடாவின் மொன்றியலில் ஒரு பண்பாட்டு அலுவலகம் டவுன்டவுனில் கண்காட்சி வைக்கத் தீர்மானித்தது. புகைப்படத்தைப் பத்திரிகையில் அச்சடிக்கத் தெரியாத காலத்துப் படங்கள் அவை. பட்டணத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த ஓவியர், போர்முனையிலிருந்து வந்த இரண்டு வரித் தந்தியை வைத்து ஒரு முழுப் பக்கப் போரை நடத்தி முடித்துவிடுவார். அந்தப் போர்களில் தளபதி தவறாமல் குதிரையில் இருப்பார். புகை அவருடைய முகத்தை மறைக்காமல் ஒதுங்கிப் போகும். செத்தவர்கள் சட்டை கசங்காமல் ஓரமாக விழுந்து கிடப்பார்கள்.

எல்லாம் ஆயத்தமான பிறகுதான், 'போரை நேரில் கண்ட சமூகத்தவர் ஒருவரின் பங்களிப்பு' இல்லாத குறையை மேலிடம் கண்டுபிடித்தது. ஆள் தேடினார்கள். நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் வலன்ரைன் அகப்பட்டார்.

வலன்ரைன் மன்னார் ஆள். இங்கே ஓர் உணவகக் குசினியில் வேலை. கடைசி யுத்தத்தில் வன்னிக் கடற்கரையில், கஞ்சிக்கு நின்ற வரிசையில் ஷெல் விழுந்து, அக்கா செல்வமலரைப் பறிகொடுத்தவர். அக்காவின் ஒரு படம்கூட அவரிடம் இல்லை. "நீங்கள் சொல்லச் சொல்ல ஓவியர் அந்தக் காலத்துப் பாணியிலை கீறுவார், அங்கிள்" என்று அலுவலர் வினோஜா தொலைபேசியில் சொன்னபோது, அக்காவின் முகம் ஒரு சுவரிலாவது இருக்கட்டும் என்று லீவு போட்டுக்கொண்டு போனார்.

வாசலிலேயே மறித்தார்கள். போரை அனுபவித்தவர்களைப் போர்ப் படங்கள் பாதிக்கக்கூடும். ஆகவே போரைக் கண்டவர்கள் உள்ளே போகக்கூடாது என்பது விதி. காணாதவர்கள் தாராளமாகப் போகலாம். வெளி விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். ஓவியர் பிரெஞ்சில் கேட்டதை வினோஜா தமிழில் கேட்டாள்.

"எதிரியள் எந்தப் பக்கம் நிண்டவை?"

"நான் காணேல்லை. ஷெல்தான் வந்தது."

"ஆராவது கையை நீட்டிக் கட்டளை குடுத்தவையோ?"

"ஒருத்தர் கத்தினவர். வரிசையைக் குழப்பாதேங்கோ எண்டு."

"பேந்து? அதுக்குப் பிறகு?"

"வரிசைதான், பிள்ளை. எல்லாற்றை கையிலையும் சட்டி. அக்கா எனக்கு முன்னாலை நிண்டவ. திரும்பிப் பாத்து, 'வெயில் சுடுது, தலையை மூடடா' எண்டா. அவ்வளவுதான்."

ஓவியர் பென்சிலைக் கீழே வைத்தார். வரிசை கடவுச்சீட்டு அலுவலகத்திலும் நிற்கிறதே, இதைப் போர் என்று பார்க்கிறவர்கள் எப்படி அறிவார்கள் என்பது அவருடைய மனச்சாட்சியை உறுத்திய கேள்வி.

"குதிரை ஏதும் நிண்டதோ எண்டு கேக்கிறார், அங்கிள்."

"குதிரையோ? எங்கட மன்னாரிலை கழுதைதான்."

வினோஜா மொழிபெயர்த்தாள். கழுதையும் குதிரையும் ஒரே குடும்பம் என்பதால், குதிரை இருந்ததற்கு நேரடிச் சாட்சி கிடைத்துவிட்டதாகக் குறித்துக்கொண்டார்கள்.

திறப்பு விழாவன்று மட்டும், புகைப்படம் எடுக்கும் தேவை கருதி, விதி தளர்த்தப்பட்டது. வலன்ரைன் உள்ளே போனார். சுவர் நிறைந்த படம். நடுவில் முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை. அதன்மேல் வாளோடு ஒரு மீசைக்காரர். மூக்கு மட்டும் வலன்ரைனுடையது. அக்கா நின்ற இடத்தில் குதிரையின் பின்னங்கால்கள்.

"அக்கா எங்கை, பிள்ளை?"

"அவ நிண்டா குதிரை மறையுதாம், அங்கிள். ஆனா அவவின்ரை உணர்வைப் புகையிலை வைச்சிருக்கிறாராம்."

வலன்ரைன் 'இது பொய்' என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் பூசைக்குப் போகும் மாதா கோவிற்சனம் பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டது. அன்றைக்கு அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற தியாகலிங்கமும் வந்திருந்தார். படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தவருக்குக் கண் கலங்கியது.

"அப்பிடியே கீறியிருக்கிறான். அந்தக் குதிரை எனக்கு நல்ல ஞாபகம்."

"ஓம், ஓம்" என்று பின்னால் இரண்டு மூன்று பேர் விம்மினார்கள். வலன்ரைனின் மனைவி யோசெப்பின், சுவர்ப் படத்தைத் தொலைபேசியில் பிடித்து மன்னாருக்கு அனுப்பினாள். இத்தனை வருஷமாக அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத சனம் அவரைச் சுற்றி நின்றது. வினோஜா ஒலிவாங்கியை நீட்டினாள்.

"பேந்து என்னண்ணை நடந்தது?" என்று யாரோ கேட்டார்கள்.

வலன்ரைன் எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"பேந்தோ?" என்றார். "குதிரை மிரண்டிட்டுது."