கிடா தொட்ட பந்து

பந்து கோட்டைத் தாண்டவில்லை. கிடாதான் தாண்டியிருந்தது.

குமராட்சி மைதானத்தில் ஃபைனல். ஜெயிக்கிற டீமுக்கு அந்தக் கிடாதான் பரிசு. கடலூர்க்காரர்கள் காத்துநின்ற கோலுக்குப் பின்னால் அதைக் கட்டியிருந்தார்கள். எப்படியோ அவிழ்த்துக்கொண்டு வந்து, குமராட்சி சிவசங்கர் அடித்த பந்தை விலாவில் வாங்கிக்கொண்டு, அகத்திக்கீரையை மென்றபடி கோட்டிலேயே நின்றது.

ரெஃப்ரி அன்பரசு விசிலடித்தான். குமராட்சி டீமின் தலைவர் கலியமூர்த்தி அவனுடைய தாய்மாமன். மாமன் மகள் வெண்மதியை ஆட்டம் முடிந்ததும் பெண் கேட்பதாக இருந்தான். இன்றைக்குப் பார்த்தா இந்தச் சனியன் உலாப் போக வேண்டும்!

"கோல் இல்ல மாமா. வெளியாள் குறுக்க வந்து தடுத்தா, கீப்பர்கிட்ட பந்தப் போட்டு மறுபடி ஆரம்பிக்கணும்."

"எதுடா வெளியாளு? அது நம்ம ஊரு ஆடுடா!"

அன்பரசு தானே போய்க் கிடாவைக் கட்டினான். அதன்மேல் ஒரு கண் இருக்கட்டுமென்று கோலுக்குப் பக்கத்திலேயே நின்றான். அங்கேதான் வினை. சிவசங்கர் அடுத்து அடித்த பந்து அன்பரசுவின் முதுகில் பட்டு நேராகக் கோலுக்குள் போனது. மாமா துண்டைச் சுழற்றித் துள்ளினார்.

விசில்.

"ரெஃப்ரி மேல பட்டு உள்ள போனா கோல் இல்ல மாமா."

"உன்ன யாருடா அங்க போயி நிக்கச் சொன்னது?"

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. கிடா கட்டியிருந்த கோல் இப்போது குமராட்சிக்கு. கடலூர்க்காரன் ஒருவன் அடித்தான். கீப்பர் எங்கேயோ வழுக்கி விழுந்துகிடந்தான். கிடா மறுபடி அவிழ்த்துக்கொண்டு வந்தது. பந்து அதன் வாலை உரசிக்கொண்டு உள்ளே உருண்டது.

மைதானமே அவனைப் பார்த்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் பிழைக்கும். சொல்லத்தான் நினைத்தான், பாழாய்ப்போன வாய் வரவில்லை.

"கோல்!"

"டேய்! அப்ப இல்லன்னே, இப்ப கோலா? அதே ஆடுதானடா!"

"அப்ப பந்தத் தடுத்துச்சு மாமா. இப்ப யாரையும் தடுக்கல, பந்தும் உள்ள போயிடுச்சு. ரூலு அதான்."

"ரூலையே கட்டிக்கினு குடும்பம் நடத்து போ! இனிமே எம்மூஞ்சில முழிக்காத!"

ஒன்றுக்குப் பூஜ்யம். கடலூர்க்காரர்கள் மேளம் அடித்துக்கொண்டு கிடாவோடு கிளம்பினார்கள். அன்பரசு பைக்மேல் சாய்ந்து அழாத குறையாக நின்றான். கிடாவை வளர்த்த சின்னம்மாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏன் தம்பி மூஞ்சி இப்படி தொங்குது?"

"எல்லாம் போச்சுக்கா. இனிமே மாமா எனக்குப் பொண்ணு தருவாரா?"

சின்னம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட போப்பா! 'நம்ம டீம் ஜெயிச்சா சிவசங்கர்தான் மாப்புள, தோத்தா உன் இஷ்டம்'னு காலைலதான் உங்க மாமா பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணாரு. நம்ம பசங்க ஆட்டம் கெடட்டும்னு அந்தப் பொண்ணுதான் ரெண்டு தபாவும் கயித்த அவுத்துவுட்டுட்டு, கோலுக்குப் பின்னால கீரைய ஆட்டிக்கினு நின்னுது!"