காலுறைக்குள் கடல்பாசி

ஊஸ்டர்வார் ஊர்க் கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. பாதிரியாரின் பிரசங்கத்துக்குப் பத்துப் பேர் வந்தாலே அதிகம். கடல்பாசி வைத்தியர் ஸீபால்ட்டுக்கோ இருநூறு பேர்! மூட்டுவலி, முடி உதிர்தல், மாமியார் தொல்லை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மாத்திரை. சுத்த இயற்கை! (விலை மட்டும் இயற்கைக்கு விரோதம்.)

பரிசோதனை எளிது. ஒரு கையில் மருந்தைப் பிடித்து, மறுகையை நீட்ட வேண்டும். வைத்தியர் அமுக்குவார். கை தாழ்ந்தால் விஷம், நின்றால் அமுதம்.

தால்கே மேடையேறினாள். அவள் தினமும் போடும் ரத்த அழுத்த மாத்திரைக்குக் கை தொப்பென்று விழுந்தது. பாசி மாத்திரைக்குப் பாய்மரமாய் நின்றது.

"பாத்தீங்களாம்மா? உடம்பு பொய் சொல்லாது. அந்த விஷத்தை இன்னிக்கே குப்பையில போடுங்க!"

கீழே அவள் கணவன் ஃபோக்கோ நாற்காலி நுனிக்கு வந்தான். போன வருடம் ஒரு வாரம் அந்த மாத்திரையை நிறுத்தியவள், வாய் கோணி ஆம்புலன்ஸில் போனாள். அவன் எழுந்தான்.

"வைத்தியரே, உடம்புக்கே தெரியும்னா கண்ணு எதுக்கு?"

பூட்ஸைக் கழற்றி, கம்பளிக் காலுறை இரண்டையும் உருவினான். முன்வரிசை மூக்கைப் பொத்தியது.

"ஃபோக்கோ, மானத்தை வாங்காதே!" என்றாள் தால்கே.

விடுதிக்காரி ஹில்கா காலுறைகளையும் மாத்திரைகளையும் வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். ஒன்றில் பாசி, மற்றதில் பழைய மாத்திரை. ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றிப் போட்டு, சீட்டில் குறித்துக்கொண்டு, முடிச்சுப் போட்ட காலுறைகளை மட்டும் வெளியே நீட்டினாள். பத்துச் சுற்று. தால்கே காலுறைகளை மாறி மாறிப் பிடிக்க, எது பாசி என்று வைத்தியர் அமுக்கி அமுக்கிச் சொல்லி வியர்த்தார்.

சீட்டைப் படித்தார்கள். ஐந்து சரி, ஐந்து தவறு. காசைச் சுண்டியிருந்தால் வியர்வையாவது மிச்சம்!

"காலுறை நாத்தத்துல மாத்திரையோட அதிர்வு குழம்பிடுச்சு..." என்று இழுத்தார் வைத்தியர்.

"நாறுறது என் காலுறை இல்லய்யா, உம்ம வித்தை!"

கூடம் சிரித்தது. தால்கே சிரிக்கவில்லை. "அப்போ மொதல்ல எப்படி விழுந்துச்சு என் கை?"

"கையில என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவர் கொஞ்சம் கூடுதலா அமுக்கினார், நீ விட்டுக்கொடுத்தே" என்றான் ஃபோக்கோ.

அந்த ஊர்ப் பக்கத்தில் கோப்பைக்குள் கரண்டியைப் போடும்வரை தேநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போட்டால், போதும் என்று பொருள். தால்கே நேரே போய், மேடையில் இருந்த வைத்தியரின் தேநீர்க் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டாள். பிறகு, காலுறை பார்க்காத தன் பழைய மாத்திரை ஒன்றைத் தேடியெடுத்துத் தேநீரோடு விழுங்கினாள்.

நாளை இன்னொருவர் வந்து உங்களையும் கையை நீட்டச் சொல்வார். தாராளமாக நீட்டுங்கள். தலையை மட்டும் அவரிடம் நீட்டிவிடாதீர்கள். யோசிக்க உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்!