முயல் வீட்டு இரவல் நாற்காலி

ஒரு காட்டில் ஒரு சிங்க ராஜா இருந்தார். பல்லெல்லாம் விழுந்துவிட்டதால் வேட்டைக்குப் போவதை விட்டுவிட்டுத் திட்டங்கள் அறிவிக்கத் தொடங்கியிருந்தார். அந்த ஆண்டு அவர் அறிவித்தது, ஏழை விலங்குகளுக்கு மழைத்தண்ணீர் புகாத இலவச வளை.

சேதி கேட்டதும் வேலாத்தா என்ற முயலுக்குக் கண் கலங்கிவிட்டது. போன ஐப்பசியில் அவள் வளைக்குள் வெள்ளம் புகுந்து, மூன்று குட்டிகளோடு நாலு நாள் வெளியே நனைந்தாள். கடைக்குட்டிக்கு நெஞ்சுச்சளி இன்னும் விடவில்லை. இன்னொரு மழையை அது தாங்காது. வேலாத்தாவும் புருஷன் காளியப்பனும் அன்றைக்கே மனுப் போட்டார்கள்.

எல்லா வீட்டையும் ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். ஆபீசர் என்றால் கொக்கு. செல்போனில் ஒவ்வொரு கேள்வியாக டிக் போட்டுக்கொண்டு போவார். அவர் பார்க்க வருவது தங்கள் வறுமையைத்தான் என்று முயல்களுக்கும் தெரியும். அதற்காக, வீடு தேடி வருகிறவரை வெறுந்தரையில் உட்கார வைக்க முடியுமா? ஏழைகளிடம் இருக்கிற பெரிய கோளாறே இந்த மானம்தான்.

காளியப்பன் எதிர்வீட்டுக் கரடியிடம் போய் நின்றான். கரடி பொன்னுரங்கம் வசதியானவர், நல்லவரும்கூட. பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடி டம்ளர்கள், பாய், பூப்போட்ட போர்வை என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். சுவரில் ஓதம் ஏறிய இடத்தை மறைத்து வேலாத்தா போர்வையைத் தொங்கவிட்டாள். முயல் வீட்டில் யாரும் புலால் தொடுவதில்லை. ஆனாலும் காளியப்பன் காலையெல்லாம் ஓடையில் நின்று ஆபீசருக்கென்று ஏழெட்டு அயிரை மீன் பிடித்து வந்தான்.

பிறந்ததிலிருந்து ஒற்றைக்காலில் நின்றே பழகிய கொக்கு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மீனை ஒன்று விடாமல் சாப்பிட்டார். பிறகு செல்போனை எடுத்தார். நாற்காலி உண்டு. கண்ணாடி டம்ளர் உண்டு. சுவர் அலங்காரம் உண்டு. மீன் அன்றாடம் உண்டு.

வேலாத்தா அவசரமாக முன்னால் வந்தாள். "சார், இதுல ஒண்ணுகூட எங்களுது இல்லீங்க. எதிர்வூட்டுக் கரடியண்ணங்கிட்ட இரவல் வாங்குனதுங்க."

"இல்லாதவங்களுக்கு யாரும்மா இரவல் குடுப்பாங்க?" என்ற கொக்கு, செல்வாக்கும் உண்டு என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்து எதிர்வீடு. பாய் போன கடுப்பில் பொன்னுரங்கம் வெறுந்தரையில் படுத்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கொக்கு தண்ணீர் கேட்டதற்கு டம்ளர் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். சாமான் எல்லாம் எங்கே என்று கேட்டபோது, எதிர்வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டதாக உள்ளதை உள்ளபடி சொன்னார். இத்தனை கஷ்டத்திலும் இப்படி ஒரு மனசா என்று வியந்த கொக்கு, எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று டிக் போட்டார்.

வளை பொன்னுரங்கத்துக்குக் கிடைத்தது. அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ராஜா கொடுப்பதை மறுத்தால் நன்றாக இருக்காது என்று, நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு குடிபோனார்.

முயல்கள் மறுபடி மனுப் போட்டார்கள். கொக்கு மறுபடி வந்தார். இந்த முறை முயல்கள் விவரமாக இருந்தார்கள். கரடி இருந்தது போலவே வெறுந்தரையில் படுத்துக்கொண்டு யாரும் வாயே திறக்கவில்லை. ஈரச் சுவர் பளிச்சென்று தெரிந்தது. கடைக்குட்டி இருமியது. கொக்கு ஒற்றைக்காலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு எழுதினார்: 'வீட்டுக்கு வந்தவரை வா என்று சொல்லவும் தெரியாத சோம்பேறிக் குடும்பம். வளை கொடுத்தாலும் வைத்துப் பிழைக்கத் தெரியாது.'

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. வளைக்குள் தண்ணீர் ஏற ஏற, காளியப்பனும் வேலாத்தாவும் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு கரடியின் புது வளைக்கு ஓடினார்கள். பொன்னுரங்கம் கதவைத் திறந்தார். கடைக்குட்டியைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. வாசலுக்கு மேலே ராஜா மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். 'ஏழைகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"உள்ள எடம் கெடக்குது காளியப்பா. ஆனா உங்களைச் சேத்துனா, வசதியானவங்களை வெச்சிருக்கறேன்னு என் வளையப் புடுங்கிருவாங்கப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீதி: ஏழை என்று பெயர் வாங்குவதற்கும் ஓரளவு வசதி வேண்டும்.